பயிரும் பாயிரமும்

கடன் கேட்க வந்தவர் முதலில் மழையைப் பற்றிப் பேசுவார். பிறகு பிள்ளைகளின் படிப்பை விசாரிப்பார். அப்புறம் விலைவாசிக்கு வருவார். கேட்டுக்கொண்டிருப்பவருக்கு இரண்டாவது வாக்கியத்திலேயே விஷயம் புரிந்துவிடும். "பீடிகை பலமா இருக்கே, என்ன வேணும் சொல்லு" என்பார். பீடம், பீடிகை எல்லாம் வடமொழியில் இருக்கையையும் மேடையையும் குறிக்கும் சொற்கள். மணிமேகலையில் புத்தரின் பாத பீடிகை வருகிறது. அதைக் கண்டதும் கதைத்தலைவிக்குப் பழம்பிறப்பு தெரிந்துவிடுகிறது. சிலை ஏறி நிற்கும் மேடையின் பெயர், நூலுக்கு முன்னால் வைக்கும் பேச்சுக்கும் ஆகி வந்தது. அவ்வளவு மதிப்பான இடத்தில் பிறந்த சொல்லை நாம் இன்று சலிப்போடுதான் சொல்கிறோம்.

பேச்சு வழக்கில் ஒரு சொல் கசந்துபோனால் அதற்குக் காரணம் இருக்கும். வந்த காரியத்தை மறைப்பதற்காகத் தொடக்கவுரையைப் பயன்படுத்தியவர்கள் அதிகம். வந்த காரியத்தை வாசலிலேயே சொல்லிக் கேட்பவரை உட்கார வைக்கிற தொடக்கவுரைக்குத் தமிழில் வேறொரு பெயர் உண்டு. அது பாயிரம். ஒரு கருத்தைப் பிறர் ஏற்கும்படி எழுதும் கட்டுரைக்கு முன்னுரை எப்படி எழுதுவது என்று மாணவர்கள் கேட்கும்போதெல்லாம், இந்த ஒரு சொல்லின் வரலாற்றைச் சொன்னாலே போதும் என்று எனக்குத் தோன்றும். எழுதும் முறை முழுவதும் அந்தச் சொல்லுக்குள் இருக்கிறது.

13ஆம் நூற்றாண்டில் சீயகங்கன் என்ற சிற்றரசன் கேட்டுக்கொள்ள, பவணந்தி முனிவர் நன்னூலை எழுதினார். எழுத்துக்கும் சொல்லுக்கும் இலக்கணம் சொல்ல வந்த நூல் அது. ஆனால் முதல் எழுத்தைத் தொடுவதற்கு முன்பே, பாயிரம் என்றால் என்ன, அதில் என்னென்ன இருக்க வேண்டும், யார் எழுத வேண்டும் என்று நீண்ட பகுதி ஒன்றை வைத்துவிட்டார். அதன் முதல் நூற்பாவே பாயிரத்தின் மறுபெயர்களின் பட்டியல். நூன்முகம், முகவுரை, பதிகம், அணிந்துரை, புனைந்துரை, புறவுரை, தந்துரை என ஏழு பெயர்கள். இன்று புத்தகக் கடையில் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் இவற்றில் ஒன்றிரண்டு கண்ணில் படும். பள்ளிக்கூடத்தில் நாம் ஓயாமல் சொல்லும் 'முன்னுரை' மட்டும் அந்தப் பட்டியலில் இல்லை.

ஏழு பெயர்களையும் கூர்ந்து பார்த்தால் ஒவ்வொன்றும் ஒரு வேலையைச் சொல்வது தெரியும். அணிந்துரையும் புனைந்துரையும் அழகு சேர்ப்பவை. தந்துரை, நூலுக்குள் இல்லாத செய்தியை வெளியிலிருந்து கொண்டுவந்து தருவது. புறவுரை நூலுக்கு வெளியே நிற்பது. முகவுரையும் நூன்முகமும் முகம் என்ற சொல்லை வைத்து எழுந்தவை. முகம் தமிழில் முன்பக்கம். எதிரே வருபவரைப் பார்க்கும் பக்கம். துறைமுகம் கடலைப் பார்க்கிறது. போர்முகம் பகைவனைப் பார்க்கிறது. நூன்முகம் வாசிப்பவரைப் பார்க்க வேண்டும். எழுதுகிறவர் தம்மையே பார்த்துக்கொண்டு எழுதிய தொடக்கத்துக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

இனி பாயிரம் என்ற சொல்லுக்கே வருவோம். மொழியறிஞர் தேவநேயப் பாவாணர் இதைப் 'பயிர்' என்ற வினையோடு இணைத்தார். பயிர்தல் என்றால் அழைத்தல். சங்கப் பாடல்களில் சேவல் தன் பெடையைப் பயிரும். கலைமான் தன் பிணையைப் பயிரும். காட்டில் தனித்து நிற்கும் ஒரு உயிர், கண்ணுக்குத் தெரியாத இன்னொரு உயிரைக் குரலால் தன்னிடம் வரவழைக்கும் செயல் அது. போர்க்களத்தில் வீரனும் படைத்தலைவனும் சண்டை தொடங்கும் முன் தம் வலிமையைச் சொல்லி எதிரியைப் போருக்குக் கூப்பிடுவது வழக்கம். அந்தக் கூப்பாடுதான் முதலில் பாயிரம் எனப்பட்டது என்பதும், போரின் முன்னுரையாக இருந்த சொல் பிறகு நூலின் முன்னுரைக்கு வந்தது என்பதும் பாவாணரின் முடிபு. பயிர், பயிரம், பாயிரம் என்று அவர் படி வைக்கிறார்.

சொற்பிறப்பில் இதுதான் இறுதித் தீர்ப்பு என்று நான் சொல்லமாட்டேன். முதலெழுத்து நீள்வதற்கு அவர் தரும் விளக்கத்தை எல்லாரும் ஏற்பதில்லை. ஆனால் பொருளை வைத்துப் பார்த்தால் இதைவிடப் பொருத்தமான வேர் கிடைப்பது அரிது. இரண்டு அழைப்புகள் இதில் சேர்ந்திருக்கின்றன. சேவலின் அழைப்பு அன்பால் வருவது. வீரனின் அழைப்பு வீம்பால் வருவது. கருத்தை ஏற்கச் செய்யும் கட்டுரைக்கு இரண்டும் வேண்டும். ஏற்கத் தயங்குபவரை அன்பாகக் கூப்பிட வேண்டும்; எதிர்க்கருத்தைத் துணிவாகக் கூப்பிட வேண்டும்.

போர் அழைப்பு எப்படி இருக்கும் என்று பார்க்கத் திருக்குறளின் படைச்செருக்கு அதிகாரத்தைத் திறந்தால் போதும். முதல் குறளில் ஒரு வீரன் பகைவர் முன் நின்று பேசுகிறான். என் தலைவனுக்கு எதிரே நிற்காதீர்கள், முன்பு அப்படி நின்ற பலர் இன்று நடுகல்லாக நிற்கிறார்கள் என்பது அவன் பேச்சின் சாரம். பழைய உரைமரபு இப்படிப்பட்ட பேச்சை நெடுமொழி என்று சொல்லும். பெயர்தான் நெடுமொழி, குறள் இரண்டே அடி. அந்த இரண்டடிக்குள் யாரிடம் பேசுகிறான் என்பது இருக்கிறது. என்ன செய்யச் சொல்கிறான் என்பது இருக்கிறது. சொன்னபடி செய்யாவிட்டால் என்ன ஆகும் என்பதற்குக் கண்ணால் காணக்கூடிய சான்றாக ஊர் எல்லையில் கல் நிற்கிறது. பொதுவாக மரணத்தைப் பற்றியோ வீரத்தின் பெருமையைப் பற்றியோ அவன் ஒரு வார்த்தை பேசவில்லை.

போர்க்களத்திலிருந்து புலவர் அவைக்கு வந்த பிறகு பாயிரம் ஒழுங்குபட்டது. ஒரு நூலுக்கென்றே எழுதும் பாயிரத்தைச் சிறப்புப்பாயிரம் என்பார்கள்; அதில் எட்டுச் செய்திகள் வேண்டும் என்கிறது நன்னூல். எழுதியவர் பெயர், நூல் வந்த வழி, அது வழங்கும் எல்லை, நூலின் பெயர், யாப்பு, சொல்ல வந்த பொருள், கேட்போர், பயன். இவற்றோடு காலம், களம், காரணம் மூன்றையும் சேர்த்துப் பதினொன்று என்பாரும் உண்டு என்று அடுத்து ஒரு குறிப்பையும் தருகிறது. வடமொழி மரபிலும் இதற்கு நெருக்கமான ஒரு முறை இருக்கிறது. நூலின் பொருள், பயன், இரண்டுக்கும் உள்ள தொடர்பு, படிக்கத் தகுதியுடையவர் ஆகிய நான்கையும் தொடக்கத்திலேயே சொல்ல வேண்டும் என்பார்கள். அநுபந்த சதுஷ்டயம் என்று அதற்குப் பெயர். பொருளோடு கேட்போரையும் பயனையும் சொல்வதில் இரண்டு மரபுகளும் சந்திக்கின்றன. யாருக்காக, எதற்காக? இந்த இரண்டு கேள்விக்கும் விடை சொல்லாத தொடக்கத்தைப் பழைய ஆசிரியர்கள் தொடக்கமாகவே எண்ணவில்லை. எத்தனை கிளையாக விரிந்த நூலானாலும் பாயிரம் இல்லையென்றால் அது நூலே ஆகாது என்று நன்னூல் கண்டிப்பாகச் சொல்கிறது.

நமக்குக் கிடைத்திருக்கும் பழைய பாயிரங்களில் பெயர்பெற்றது தொல்காப்பியத்துக்குப் பனம்பாரனார் எழுதியது. பதினைந்தே அடி. வடக்கே வேங்கடம், தெற்கே குமரி என்று எல்லையில் தொடங்குகிறது. அந்த எல்லைக்குள் மக்கள் பேசும் வழக்கையும் புலவர்களின் செய்யுளையும் இரு அடிப்படைகளாகக் கொண்டு, எழுத்தையும் சொல்லையும் பொருளையும் ஆராய்ந்து, முந்தைய நூல்களையும் பார்த்து எழுதப்பட்டது இந்நூல் என்கிறது. நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையில், அதங்கோட்டு ஆசான் என்பவருக்குக் குற்றமறத் தெளிவித்து அரங்கேறியது என்கிறது. ஆசிரியரின் பெயர் கடைசியில்தான் வருகிறது.

அந்த வரிசையை நின்று கவனிக்க வேண்டும். ஆசிரியரின் பெருமையில் தொடங்கியிருந்தால் அது வெறும் புகழ்ச்சியாகப் போயிருக்கும். பனம்பாரனார் கேட்பவரின் காலடி நிலத்தில் தொடங்குகிறார். வேங்கடத்துக்கும் குமரிக்கும் நடுவே வாழும் எவரும், இது நம் பேச்சைப் பற்றிய நூல் என்று முதல் அடியிலேயே காது கொடுப்பார்கள். அடுத்து, ஆய்வுக்கு அடிப்படை என்ன என்பதைச் சொல்லி நம்பிக்கை ஊட்டுகிறார். அதற்குப் பிறகுதான் அவை வருகிறது, அவையில் கேள்வி கேட்டவர் வருகிறார். அதங்கோட்டு ஆசான் அங்கே சும்மா உட்கார்ந்து தலையாட்டியவர் அல்லர். தொல்காப்பியர் மீது சினம் கொண்டிருந்த அகத்தியர், இந்த நூலைக் கேட்காதே என்று அதங்கோட்டாசானைத் தடுத்ததாகவும், அவர் வேறு வழியில்லாமல் குற்றம் கண்டுபிடித்தபடியே கேட்டதாகவும், ஒவ்வொரு குற்றத்துக்கும் தொல்காப்பியர் விடை சொன்னதாகவும் உரையாசிரியர் நச்சினார்க்கினியர் ஒரு கதை சொல்கிறார். கதை உண்மையோ இல்லையோ, அதற்குள் உள்ள அறிவு உண்மையானது. மறுப்பவர் ஒருவரை அவையில் வைத்துக்கொண்டே தொடங்கு. அவர் இல்லாத அவையில் வென்றதாகச் சொல்வதை யாரும் நம்ப மாட்டார்கள்.

பாயிரம் எதற்கு என்ற கேள்விக்கு நச்சினார்க்கினியர் அடுக்கும் உவமைகள் பல. பெரிய யானைக்குத் தொழில் தெரிந்த பாகன் போல, வானத்துக்கு ஞாயிறும் திங்களும் போல என்பார். பாயிரம் கேட்காமல் நூலுக்குள் நுழைந்த மாணவன் மலையில் முட்டிய குருவி போலவும், வேடர் ஊருக்குள் வழி தவறி வந்துவிட்ட மான் போலவும் திண்டாடுவான் என்பார். எனக்கு இவற்றில் மிகப் பிடித்தது தையல்காரரின் கருவிகளை வைத்துச் சொன்ன உவமை. கொழு என்ற கருவி போன வழியில் துன்னூசி எளிதாகப் போகும் என்பது அது. துன்னுதல் என்றால் தைத்தல்; தையல் தொழில் செய்பவர்களைத் துன்னகாரர் என்று சிலப்பதிகாரம் சொல்கிறது. கெட்டியான பொருளில் ஊசியை நேரே குத்தினால் ஊசி வளையும், அல்லது முறியும். முதலில் கொழு துளை போட வேண்டும். நூலை ஏந்திய ஊசி அதன் பின்னால் வரும். பருமையானது முன்னே, நுண்மையானது பின்னே.

இந்த உவமையில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. கொழு எதையும் தைப்பதில்லை. அதன் காதில் நூல் கிடையாது. முன்னுரையிலேயே எல்லா வாதத்தையும் கொட்டிவிடத் துடிக்கும் எழுத்தாளர்கள் இதை அறிந்துகொள்வது நல்லது. சான்று, கணக்கு, மறுப்புக்கு விடை எல்லாம் ஊசியின் வேலை. முன்னுரை, வாசிப்பவரின் மனத்தில் ஒரே ஒரு திறப்பை, சரியான இடத்தில் உண்டாக்கினால் போதும். துளை தவறான இடத்தில் விழுந்தால், பின்னால் எவ்வளவு நல்ல நூலில் தைத்தாலும் தையல் கோணிப்போகும்.

யார் பாயிரம் எழுதுவது என்பதிலும் பழையவர்களுக்குத் தெளிவு இருந்தது. நூலாசிரியரின் ஆசிரியர், அவரோடு சேர்ந்து படித்தவர், அவருடைய மாணவர், தகுதியுள்ள உரையாசிரியர் ஆகிய நால்வரில் ஒருவர் எழுதலாம் என்கிறது நன்னூல். நூல் செய்தவரே எழுதக் கூடாது. எவ்வளவு பெரிய நூல் செய்திருந்தாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது. விலக்காக நான்கு இடங்களைக் காட்டுகிறது: அரசனுடைய அவைக்கு ஓலை அனுப்பும்போது, தன் திறமை அறியாதவரிடம் பேசும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிரி தன்னைப் பழித்தபோது. நான்கும் பிறர் மனத்தை மாற்ற வேண்டிய இடங்கள் என்பது தற்செயலாக இருக்க முடியாது. அங்கே மட்டும் எழுதுபவரின் தகுதி ஒரு சான்றாகிறது. ஆகவே அதைச் சொல்லலாம், சொல்லத்தான் வேண்டும். நீர்நிலை பற்றி எழுதும் உழவர், தாம் அந்த ஏரிப் பாசனத்தில் பயிர் செய்பவர் என்பதை முதல் பத்தியில் சொல்வது தற்புகழ்ச்சியாகாது. சம்பந்தமில்லாத விருதுகளை அடுக்குவதுதான் தற்புகழ்ச்சி.

தகுதியைச் சொன்ன கையோடு பணிவையும் சொல்வது அவையடக்கம். தொல்காப்பியம் செய்யுளியல் இதை அவையடக்கியல் என்கிறது. என் பேச்சில் குறை இருந்தாலும் சரிப்படுத்தி ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லாரிடமும் வணங்கிச் சொல்வது அதன் இலக்கணம். அவைக்கு முன் தான் அடங்குவது என்றுதான் இன்று நாம் பொருள் கொள்கிறோம். ஆனால் அந்தச் சொல்லுக்குள் 'அடக்கு' என்ற பிறவினை வடிவமும் கேட்கிறது. அவையை அடக்குவது, சலசலப்பை ஓயச் செய்வது. இரண்டையும் ஒரே சொல் தாங்குவது எனக்கு வியப்பாக இருக்கிறது. தான் அடங்குபவன்தான் அவையை அடக்க முடியும். கம்பர் தம்மைப் பாற்கடல் முழுவதையும் நக்கிக் குடிக்கப் போன பூனைக்கு ஒப்பிட்டார். சிறுபிள்ளைகள் தரையில் கோடு கிழித்து இது அறை, இது ஆடரங்கு என்று விளையாடினால் தச்சர் அதைப் பார்த்துக் கோபிப்பாரா என்றும் கேட்டார். அதைக் கேட்ட பிறகு எந்தப் புலவர் முகம் சுளிப்பார்? சுளித்தால், குழந்தைகளிடம் கோபித்த தச்சராகிவிடுவார். குறை சொல்ல வந்தவரின் வாயை வணக்கத்தாலேயே கட்டிவிட்டார் கம்பர்.

பதிகம் என்ற பெயருக்கு வேறொரு பயணம். சிலப்பதிகாரத்தின் தொடக்கத்தில் இருப்பது பதிகம். அதை இளங்கோவே எழுதவில்லை என்பாரும் உண்டு. யார் எழுதியிருந்தாலும், ஒரு நூலுக்குள் வாசகரை இழுப்பது எப்படி என்று தெரிந்த கை அது. குணவாயிற் கோட்டத்தில் இருக்கும் இளங்கோவிடம் மலைக்குறவர்கள் வருகிறார்கள். வேங்கை மரத்தடியில் ஒரு மார்பை இழந்த ஒரு பெண் நின்றாள், எங்கள் கண் எதிரிலேயே வானுலகம் போனாள் என்கிறார்கள். அவர்களுக்கு அவள் யார் என்று தெரியாது. பக்கத்தில் இருந்த புலவர் சாத்தனாருக்குத் தெரியும். மதுரையில் நடந்ததை அவர் சொல்கிறார். நள்ளிரவில் வெள்ளியம்பலத்தில் படுத்திருந்தபோது மதுரையின் தெய்வம் கண்ணகியிடம் பேசியதைக் கேட்டதாகவும் சொல்கிறார். உடனே இளங்கோ இதைச் செய்யுளாக்குவோம் என்று முடிவு செய்து, மூன்று உண்மைகளை நிறுவுவதற்காக என்று காரணத்தையும் சொல்லிவிடுகிறார். அரசாட்சியில் தவறியவரை அறமே கொல்லும். கற்புடைய பெண்ணைப் பெரியோர் போற்றுவர். முன்வினை தேடிவந்து பலன் கொடுக்கும்.

கட்டுரை எழுதக் கற்றுக்கொடுக்கும் புத்தகங்கள் எல்லாம் சொல்லும் மூன்று படிகள் இங்கே இருக்கின்றன. முதலில் ஒரு காட்சி, விளக்கம் இல்லாமல். அடுத்து அந்தக் காட்சியை விளங்கிக்கொள்ளத் தேவையான பின்னணி, அதை நேரில் அறிந்தவர் வாயால். பிறகு, நான் நிறுவப்போவது இதுதான் என்ற தெளிவான அறிவிப்பு. மூன்றாவது படியைக் கடைசியில் வைத்ததுதான் பெரிய நுட்பம். அறமே அரசனைக் கொல்லும் என்று முதல் அடியில் சொல்லியிருந்தால் அது இன்னொரு நீதிமொழியாகக் காதைக் கடந்து போயிருக்கும். குறவர்கள் கண்ட பெண்ணைப் பார்த்த பிறகு கேட்டால், அது எப்படி நடந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது.

இதே பதிகம் பதிற்றுப்பத்தில் ஒவ்வொரு பத்துப் பாடலுக்கும் கடைசியில் நிற்கிறது. பாடப்பட்ட சேர மன்னன் யார், பாடிய புலவர் யார், பெற்ற பரிசு என்ன என்ற பாயிரச் செய்திகள் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. தேவாரத்துக்கு வரும்போது பதிகம் என்பது பாடல்தொகுதியின் பெயராகவே ஆகிவிட்டது. அங்கும் சம்பந்தரின் பதிகங்களில் இறுதியில் வரும் திருக்கடைக்காப்பு, பாடியவர் பெயரையும் இதைப் பாடுவோர் பெறும் பயனையும் சொல்கிறது. பெயரும் பயனும், பாயிரத்தின் இரண்டு உறுப்புகள், வாசலிலிருந்து கொல்லைக்குப் போய்விட்டன. கோயிலில் கூடியிருப்பவர் ஏற்கெனவே அன்பர். அவரை அழைக்க வேண்டியதில்லை. வழியனுப்பும்போது பயனைச் சொன்னால் போதும். ஏற்கெனவே நம் பக்கம் இருப்பவருக்கும், இனிதான் வர வேண்டியவருக்கும் ஒரே தொடக்கம் பொருந்தாது என்பதை இந்த இடமாற்றம் காட்டுகிறது.

அச்சு வந்த பிறகு முகவுரையும் பதிப்புரையும் புதிய வலிமை பெற்றன. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியில் பிறந்த சி.வை. தாமோதரம் பிள்ளை 1881இல் வீரசோழியத்தையும், 1887இல் கலித்தொகையையும் பதிப்பித்தார். அவருடைய பதிப்புரைகள் தமிழ் உரைநடையில் மனத்தை மாற்றும் எழுத்துக்கு நல்ல பாடங்கள். பழைய சுவடியைக் கையில் எடுத்தால் ஓரம் உதிர்வதையும், கட்டை அவிழ்த்தால் ஓலை ஒடிவதையும், எழுத்துகளைப் பூச்சி தின்றிருப்பதையும் அவர் எழுதியிருக்கிறார். ஓலையைத் தொட்டறிந்த விரல்களால் எழுதிய வரிகள் அவை. தமிழ் பழமையானது, அதைக் காப்போம் என்று பொதுவாகப் பேசியிருந்தால் யார் பணம் கொடுத்திருப்பார்கள், யார் பரணில் கிடந்த சுவடியைத் தேடி எடுத்திருப்பார்கள்?

பாரதியார் 1912இல் பாஞ்சாலி சபதத்தின் முதல் பாகத்தை வெளியிட்டபோது எழுதிய முகவுரை சிறியது. எளிய சொல், எளிய நடை, மக்களுக்குப் பழக்கமான மெட்டு ஆகியவற்றில் காவியம் செய்பவர் தாய்மொழிக்குப் புத்துயிர் தருகிறார் என்பது அதன் வாதம். ஓரிரு வருடம் படித்த தமிழருக்கும் விளங்க வேண்டும் என்று தம் வாசகரின் அளவையே சொல்லிவிடுகிறார். நன்னூல் கேட்ட 'கேட்போர்' இதுதான். புலவர்களின் அவை இருந்த இடத்தில், இரண்டு வருடம் பள்ளிக்குப் போன ஒருவரை உட்கார வைத்தார் பாரதி.

பாயிரம் என்ற பெயர் அதற்குள் பழையதாகிவிட்டாலும் சாகவில்லை. 1891இல் வெளிவந்த மனோன்மணீயம் நாடகத்தைப் பெ. சுந்தரம் பிள்ளை பாயிரத்தோடு தொடங்கினார். அதில் உள்ள தமிழ்த் தெய்வ வணக்கத்திலிருந்து எடுத்த அடிகளைத்தான் 1970இல் தமிழக அரசு தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றது. 2021இல் அது மாநிலப் பாடலானது. நாடகத்தின் கதை பலருக்குத் தெரியாது. அதன் பாயிரத்தைக் காலை வணக்கத்தில் பாடாத பள்ளிப் பிள்ளை இல்லை.

புறவுரை என்ற பெயர் ஒரு வழக்கை நினைவூட்டுகிறது. நூலுக்கு முன் நிற்கும் உரை நூலுக்குள் அடங்குமா, புறத்தே நிற்குமா? உரையாசிரியர்களுக்கு இருந்த இந்தக் கேள்வி இந்திய உச்ச நீதிமன்றத்துக்கும் வந்தது. அரசியலமைப்பின் முகவுரை அதன் பகுதி அல்ல என்று 1960இல் பெருபாரி விவகாரத்தில் நீதிமன்றம் கருத்துச் சொன்னது. 1973இல் கேசவானந்த பாரதி வழக்கில் அந்தக் கருத்தை மாற்றி, முகவுரையும் அரசியலமைப்பின் பகுதிதான் என்றது. எனக்கு இரண்டாவது முடிவில்தான் மனம் செல்கிறது. முகவுரையில் கொடுத்த வாக்கு உள்ளே வரும் பிரிவுகளைக் கட்டுப்படுத்த வேண்டும். கட்டுரைக்கும் அப்படித்தான். முதல் பத்தியில் சொன்ன ஒன்றை உள்ளே எங்கும் நிறுவாமல் விட்டால் அந்த முதல் பத்தி வெறும் அலங்காரம்.

இனி, பட்டியலில் இல்லாத முன்னுரை. பொருள் எளிது: முன்னால் வரும் உரை. முகம் போய்விட்டது, அணி போய்விட்டது, அழைப்பும் போய்விட்டது. இருக்கும் இடம் மட்டும் மிஞ்சியது. தேர்வில் குறிப்புச் சட்டகம் என்று எழுதி, கீழே முன்னுரை என்று அடிக்கோடிட்ட பிறகு மாணவர் செய்ய வேண்டியது அந்த இடத்தை நிரப்புவது மட்டுமே. அதனால்தான் எந்தத் தலைப்பானாலும் ஒரு குறளோ ஒரு பொன்மொழியோ எழுதி, இன்றைய உலகில் இது மிக முக்கியமானது என்று முடித்து, இதைப் பற்றி இக்கட்டுரையில் காண்போம் என்று கடந்துவிடுகிறார்கள். பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரிடம் பேசுகிறாய் என்று அவர்களை யாரும் கேட்டதில்லை.

நெகிழிப் பையைத் தவிர்ப்போம் என்ற தலைப்பையே எடுத்துக்கொள்வோம். வழக்கமான முன்னுரை, உலகை அச்சுறுத்தும் பெரும் சிக்கல் நெகிழி என்று தொடங்கும். உலகம் முழுவதையும் கூப்பிட்டால் ஒருவரும் திரும்பிப் பார்க்க மாட்டார். அதே தலைப்புக்கு இப்படியும் தொடங்கலாம்: ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பொருள்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை இருக்கிறது. இருந்தும் காலையில் நாம் வாங்கும் இட்லிக்குச் சாம்பாரும் சட்னியும் சின்னச் சின்ன நெகிழிப் பைகளில்தான் வருகின்றன. கட்டிக் கொடுக்கும் கடைக்காரரைத் திட்டுவது எளிது. ஆனால் கையை வீசிக்கொண்டு வருகிற நமக்கு அவர் சாம்பாரை எதில் ஊற்றித் தருவார்? பாட்டி வீட்டில் ஆணியில் தொங்கிய தூக்குவாளி திரும்பி வந்தால் இந்தப் பைகளில் பாதி அந்தக் காலையிலேயே நின்றுவிடும் என்பதை இக்கட்டுரை காட்டும்.

இந்த ஐந்தாறு வரிகளில் நன்னூலின் உறுப்புகள் பலவும் வந்துவிட்டன. எல்லை தமிழ்நாடு, களம் இட்லிக் கடை, காலம் தடை வந்த பிறகு, காரணம் தடை இருந்தும் நிற்காத பழக்கம். கேட்போர் கை வீசி வரும் நாம். பயன் பாதிப் பைகள் குறைவது. கடைக்காரர்தான் காரணம் என்று சொல்ல வாயெடுப்பவர் நம் அதங்கோட்டு ஆசான். அவருக்கு அங்கேயே ஒரு வரியில் பதில் வந்துவிட்டது. தூக்குவாளி எப்படிச் சாத்தியம், கடைக்கு என்ன மிச்சம், பார்சல் வண்டிக்காரர்கள் என்ன செய்வது என்பதெல்லாம் ஊசி தைக்க வேண்டிய இடங்கள்.

பட்டிமன்றப் பேச்சாளர்களிடம் இந்தக் கலை இன்னும் உயிரோடு இருக்கிறது. பட்டிமண்டபம் என்ற பெயரும் சிலப்பதிகாரக் காலத்திலிருந்து வருவதுதான். நடுவரை வணங்கி, எதிரணியில் கடைசியாகப் பேசியவரின் ஒரு வரியைப் பிடித்து, கூட்டத்தில் இருக்கும் தாய்மார்களைச் சாட்சிக்குக் கூப்பிட்டு, அதன் பிறகே தன் கட்சியைச் சொல்கிறார் நல்ல பேச்சாளர். அவருக்குக் கேட்போர் கண்ணெதிரே இருக்கிறார்கள். கை தட்டாவிட்டால் உடனே தெரிந்துவிடும். எழுதுபவருக்கு அந்த வசதி இல்லை. அதனால் எழுதத் தொடங்கும் முன், தன் கருத்தை ஏற்காத ஒரு மனிதரை, முகம் தெரிந்த ஒருவரை மனத்தில் உட்கார வைத்துக்கொள்ள வேண்டும். மாமாவோ பக்கத்து வீட்டுக்காரரோ போதும்.

இன்னொரு செய்தி, பெரும்பாலும் மறந்துபோவது. சிறப்புப்பாயிரம் நூலின் முன்னால் இருந்தாலும், நூல் முடிந்த பிறகுதான் எழுதப்பட்டது. இன்னொருவர் நூலைப் படித்து முடிக்காமல் அதன் பொருளையும் பயனையும் எப்படிச் சொல்வார்? பனம்பாரனார் தொல்காப்பியம் முழுவதையும் அறிந்த பிறகே வேங்கடத்தையும் குமரியையும் எழுதினார். தேர்வு அறையில் இதைச் செய்வது கடினமில்லை. முன்னுரை என்று எழுதி எட்டு வரி இடம் விட்டுவிட்டு, நேராகப் பொருளுரைக்குப் போக வேண்டும். உள்ளே எழுதும்போது எங்கே கை சூடு பிடித்ததோ, எந்தச் சான்று எழுதியவரையே நிமிர்ந்து உட்கார வைத்ததோ, அதன் ஒரு நுனியை எடுத்துக்கொண்டு வந்து, முடிவுரையும் எழுதிய பிறகு, அந்த எட்டு வரியை நிரப்ப வேண்டும்.